வாசனை வெளியே வராத வண்டி

போடிமெட்டுக்கு மேலே நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த ஏலக்காய்த் தோட்டத்தில் தங்க இடம் கிடையாது. காய் எடுக்கும் மாதங்களில் சாரலும் அட்டையுமாக இருக்கும். அதனால்தான் என் கணவர் ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற படுக்கை வண்டி ஒன்றைச் செய்ய ஆரம்பித்தார். எழுபதுகளின் கடைசி அது. யாரோ கொடுத்த வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் இருந்தது: முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, நீர்த்துளியைப் படுக்கவைத்த மாதிரி.

பழைய ட்ரெய்லரின் அச்சும் சக்கரமும் வாங்கினார். அதன்மேல் மரச்சட்டம், வளைத்து அடித்த ப்ளைவுட், கூரைக்குத் தகரம். மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம். உட்கார்ந்தால் தலை இடிக்கும். எங்கள் வீட்டு வாசலில் அது உருவாவதைப் பார்க்க அவருடைய அண்ணன் தினமும் வருவார்.

“என்ன அப்பு, கோழி அடைக்கவா, பொண்டாட்டி பிள்ளைய அடைக்கவா?”

“நீ வந்து படுத்துப் பாருண்ணே. அப்புறம் எந்திரிக்க மாட்ட.”

என் கணவர் நன்றாக அறிந்த கட்டடம் ஏலக்காய் ஸ்டோர்தான். பச்சைக் காயை உலர்த்தும் அந்த அறையில், ஆவி போனபின் எல்லாத் திறப்பையும் அடைத்துவிடுவார்கள். சூடு கசிந்தால் காயின் நிறம் போய்விடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நல்ல அறை என்றால் காற்றுப் புகாத அறை. வண்டியின் மூட்டுகளிலெல்லாம் சாக்குத்துணியைத் திணித்துத் தார் பூசினார். பிறகு உள்ளே சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தி, வெளியே சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தார்.

“பொட்டு வாசனை வரல, பாத்தியா?”

நானும் மோந்து பார்த்தேன். வரவில்லை. இருவருக்கும் பெருமையாக இருந்தது. ஸ்டோரில் அடுப்பு வெளியே எரியும், சூட்டுக்குழாய் மட்டுமே உள்ளே போகும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதல்முறை மலைக்குப் போன அன்று மதியம் எங்கள் மகள் தொப்பலாக நனைந்துவிட்டாள். எட்டு வயது. துடைத்து வண்டிக்குள் படுக்கவைத்தேன். அவர் வெளியில் கரி மூட்டி, புகை அடங்கித் தணலானதும் சட்டியோடு உள்ளே வைத்தார்.

“புகையே இல்ல, பயப்படாத.”

காய் நிறுப்பதைப் பார்க்க இருவரும் போனோம். காப்பியோடு நான் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது அவள் கன்னம் சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நன்றாக இருந்தது அந்த முகம். குளிர் புகுந்துவிடுமே என்று கதவைச் சாத்தப் போனேன். அப்போதுதான் தலையணையில் வாந்தியைப் பார்த்தேன்.

கூப்பிட்டேன், உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். அவர் வண்டியைக் கழற்றிவிட்டு ஜீப்பை மட்டும் எடுக்கப் பார்த்தார். ஆடக்கூடாதென்று இறுக்கி அடித்திருந்த பிணைப்பு ஆணி வரவில்லை. கல்லால் அடித்தும் வரவில்லை.

“விடுங்க, வெரசா எடுங்க.”

வண்டியோடே இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது பின்னாலிருந்து தள்ளியது. வேகமாகப் போக முடியவில்லை. மழைக்காற்று முகத்தில் அடிக்க, பாதி மலையில் அவள் முனகினாள். போடி ஆஸ்பத்திரியில் டாக்டர், “கரித்தணல்ல வர்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்லம்மா. கன்னம் சிவந்ததும் அதாலதான்” என்றார்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேசும்போது நடுவில் வார்த்தை கிடைக்காமல் நிற்கிறாள். அதனால்தானா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. வண்டி கொல்லையில் நிற்கிறது. அவர் அதை உடைக்கவில்லை. அதன் சுவரெல்லாம் துளை போட்டிருக்கிறார். அவள் அப்படித் தடுமாறி நிற்கிற நாட்களில் எழுந்துபோய் இன்னும் ஒன்று போடுகிறார்.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. மதியம் தூங்கும்போது கன்னம் சிவந்திருந்தால் எழுப்பிவிடுகிறேன்.

“எதுக்கும்மா எழுப்புற?”

“நம்ம தெருப் பேரச் சொல்லு.”

சில நாள் உடனே சொல்லிவிடுகிறாள்.