கூக்காலில் விடிந்தது

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் நானும் என் கணவரும் ஒருநாள்கூடச் சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. திண்டுக்கல்லில் சினிமா ஆபரேட்டர் அவர். இரண்டாம் ஆட்டம் முடிந்து வந்து படுத்தால் மதியம்தான் எழுவார். அப்போது அவருக்கு மில்லில் காலை ஏழு மணி ஷிப்டு வேலை கிடைத்தது. முதல் நாளே தூங்கிவிட்டால் வேலை போச்சு. சேருவதற்குப் பத்து நாள் இருந்ததால், சீக்கிரம் எழப் பழக்கலாமென்று, கொடைக்கானல் மலையில் கூக்காலில் இருந்த என் பெரியம்மா மகள் செல்லம்மா அக்கா வீட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

வத்தலக்குண்டில் காலை ஏழு மணி பஸ். கொடைக்கானல் போய்ச்சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். மனுஷர் வழி முழுக்க என் தோளில் தூங்கினார். அங்கிருந்து கிழங்கு லாரி.

"சாருக்கு ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றார் டிரைவர்.

"அதெல்லாம் இல்லீங்க. அவருக்கு இன்னும் விடியல."

அக்கா வீட்டில் குளிருக்குப் பயந்து சன்னலைக் கம்பளியால் மூடினேன். அவரோ பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் நள்ளிரவுவரை படித்தார். இரண்டு நாளும் பதினொரு மணிக்கு எழுந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அக்கா கம்பளியை உருவினாள்.

"இப்படி அடைச்சு வச்சா விடிஞ்சது எப்பிடித் தெரியும்? மாப்ள, வெள்ளனே ஏரிக்கரைக்கு வாங்க. பூண்டுக்காட்டுல சோலி கெடக்கு."

அன்றிரவு மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதென்று சிம்னி விளக்கை மட்டும் வைத்தாள். அவர் மூன்று நாள் மூடுபனியில் நின்று என்னைத் திட்டினார். பிறகு இரவு எட்டரைக்கே கொட்டாவி விட்டார். ஏழாம் நாள் எனக்கு முன்பே எழுந்து, கஞ்சிக்குக் காத்திருந்தார். காலை வெயிலில் அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கிளம்பும்போது கட்டிலுக்கடியில் ஒரு டின் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. அக்கா சிரித்தாள். "வெளக்குலதான தீந்துச்சுன்னேன்."

இப்போது இதை உடல் கடிகாரம் என்கிறார்கள். அங்கே போகிறவர்கள் கிழக்குச் சன்னல் உள்ள அறையாகக் கேளுங்கள். பனியாக இருந்தாலும் எழுந்ததும் வெளியே நில்லுங்கள். அந்த மங்கல்கூட வீட்டு விளக்கைவிட அதிக வெளிச்சம். இரவில் போனை ஓரமாக வையுங்கள். கூக்காலுக்கு பஸ் குறைவு, திரும்பும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் மில்லில் சேர்ந்த அன்று தூங்கிப்போனது நான்தான். சன்னல் திறந்திருந்தது. இரண்டு தம்ளரோடு நின்றார்.

"எந்திரி, காபி ஆறுது."