அவள் ஏற மறுத்த வேன்

வேனுக்கு எஞ்சின் மாற்றலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வாங்கிய பழைய பெட்ரோல் வேன் அது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன் வைக்க ஒரு மரச்சட்டம் என்று நானும் என் மனைவியும் சேர்ந்தே அடித்தோம். மிளகு பறித்து முடித்ததும் மலையை விட்டு இறங்கிவிடுவோம். ராமேஸ்வரம் போனோம், மைசூர் போனோம். எந்த மரத்தடியில் நிறுத்தினாலும் அவள் முதலில் ரசம்தான் வைப்பாள்.

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் குழம்புக்கு உப்புப் போட்டது மறந்தது, அப்புறம் மகளின் பெயர். இது போகப்போகக் கூடத்தான் செய்யும் என்றார் சேலத்து டாக்டர். பார்த்துக்கொள்ள அவள் தங்கை வந்து எங்களோடு இருந்தாள். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அலைகிற மனைவி, வேனில் ஏற்றி நாலு சுற்றுச் சுற்றினால் அடங்கிவிடுவாள். நான் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, வண்டி தூரத்தில் வரும் சத்தத்துக்கே வாசலில் வந்து நிற்பாள்.

ஒரு மத்தியானம், அவளை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது கொண்டை ஊசி வளைவில் வேன் நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவள் பயந்து, கதவைத் திறந்து இறங்கி ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். முழங்கால் உயரச் சுவர், அதற்கு அப்பால் பள்ளம்.

கீழே பேளுக்குறிச்சியில் மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்தார்.

"அண்ணா, பிரிச்சு வேலை பாத்தா இன்னும் கொஞ்ச காலம் ஓடுமுங்க. மலைக்குத் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன். நல்ல டீசல் எஞ்சின் ஒண்ணு வந்திருக்குது. மாத்திப் போட்டுட்டா கவலையில்லீங்க."

"மாத்திருங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

எஞ்சினைத் தாங்கும் பட்டைகளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கியர் பாக்ஸ் பொருந்தாமல் வேறு தேடினார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலையும் முடிந்து மலையேறினேன். எழுபது வளைவில் ஒன்றில்கூட வண்டி திணறவில்லை. சந்தோஷமாகத்தான் வந்தேன்.

வாசலில் அவள் இல்லை. தங்கைதான் எட்டிப் பார்த்தாள். "லாரியாக்குமுன்னு நெனச்சனுங்க மாமா."

மனைவியின் கையைப் பிடித்து அழைத்து வந்து வேன் கதவைத் திறந்தேன். அதே கட்டில், அதே அடுப்பு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை. கையை உருவிக்கொண்டாள்.

"இல்லீங்க, எங்க ஊட்டுக்காரர் வேன் எடுத்துட்டுப் போயிருக்காருங்க. இப்ப வந்துருவாருங்க."

என்னிடம்தான் சொன்னாள். மகளை மறந்திருந்தாளே தவிர, அதுவரை என்னை மறந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே கீழே இறங்கிப் போய்ப் பழைய எஞ்சினைக் கேட்டேன். மெக்கானிக் சங்கடப்பட்டார். "பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங்க அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பனே."

அதன் பிறகு வேனை ரோட்டுக் கடைசியிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போனேன். அப்படிப் போனால் சில நாள் என்னை அடையாளம் தெரியும்.

"ஏனுங்க, நடந்தா வாரீங்க? வேன் எங்கீங்க?"

"ஒர்க்‌ஷாப்புல இருக்குது புள்ள. வந்துரும்."

தினமும் இதையே கேட்டாள். தினமும் இதையே சொன்னேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, மூச்சுவிடச் சிரமப்பட்டாள். நானும் அவள் தங்கையும் தூக்கி வேன் கட்டிலில் படுக்க வைத்தோம். மறுக்க அவளுக்குத் தெம்பில்லை. பாதி மலை இறங்கியிருப்போம், பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"டிரைவர் தம்பி, கொஞ்சம் மெதுவாப் போங்க சாமி. அவரு பின்னாடி வாராருங்க. தனியா வாராரு."

"சரிங்கம்மா" என்றேன். வேகத்தைக் குறைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்விட்டாள். அதே வேனில்தான் மேலே கொண்டுவந்தோம். வாசலில் எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் பின்கதவைத் திறந்து அவளை இறக்கினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மகள் என் பக்கத்துக் கதவைத் திறந்து, "இறங்குங்கப்பா" என்றாள்.