மேலே வந்த எடை, கீழே வந்த எடை

டிரைவர் இசக்கியிடமிருந்து லாரிச் சாவியை முதலாளி அண்ணாச்சி பிடுங்கினது நான் சொன்ன ரெண்டு நம்பரை வைத்து. புதிதாக எடை மேடை வேலைக்கு வருகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நான் படித்தது எட்டாவது. தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் எடை மேடை. கம்ப்யூட்டரில் நான்தான்.

1. சாவி

கீழப்பாவூரில் வைக்கோல் ஏற்றி வந்து காலையில் எடை போட்டான் இசக்கி. சரக்கு ராத்திரி வந்தால் போதும் என்று கேரளாவிலிருந்து போன். பகல் முழுக்க வண்டிக்கு வேலை இல்லை. சாயங்காலம் கிளம்புமுன் மறுபடி எடை போட்டுவிட்டுப் புளியறை வழியாகக் கேரளாவுக்குப் போனான்.

மறுநாள் லாரிக்காரர் அண்ணாச்சி அவனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கட்டெல்லாம் கலைஞ்சு கிடக்குன்னு சரக்கு வாங்கினவன் அங்கன இருந்து சொல்லுதான். நடுவுல எவனுக்கோ இறக்கிக் குடுத்திருக்கான். ரெண்டு எடையும் சொல்லும்மா."

"எடைச் சீட்டு எங்கலே?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"சட்டைப்பையில கூழாயிட்டு யக்கா."

எங்கள் கம்ப்யூட்டரில் நாளுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் ஷிப்டுக்கு ஒரு ஃபைல்; பேர் காலைக்கு 1 என்றும் மாலைக்கு 2 என்றும் முடியும். கறுப்புத் திரையில் லாரி நம்பரை அடித்தால் அந்த நம்பர் இருக்கிற வரி மட்டும் வரும். நேரம் வேறு வரியில் இருக்கும், அது வராது. ஃபைல் பேர் நீளமாக வந்து எடையை மறைக்கிறது என்று அதையும் வராமல் செய்து வைத்திருந்தேன். என் கைவேலை.

மேலே 9,240 வந்தது. கீழே 8,960.

"காலையில ஒன்பதாயிரத்து இருநூத்தி நாப்பது. சாயங்காலம் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது" என்றேன்.

அண்ணாச்சி கை நீட்டினார். இசக்கி சாவியைக் கொடுத்தான். "நாளையில இருந்து வராதலே."

2. பத்துத் தடவை

"யக்கா, இன்னொரு வாட்டி பாருங்க. நான் ஒரு கட்டுகூட இறக்கல."

அடித்தேன். இப்போது 8,960 மேலே. 9,240 கீழே.

"என்னம்மா, மிஷினே பேச்சை மாத்துது?" என்றார் அண்ணாச்சி.

எனக்குப் பயம் வரவில்லை. இது என்ன கூத்து என்றுதான் இருந்தது. பத்துத் தடவை அடித்தேன். ஏழு தடவை ஒரு மாதிரி, மூன்று தடவை வேறு மாதிரி. இந்தத் தேடலைப் போட்டுத் தந்த காசிம் இப்போது சார்ஜாவில். போன் போட்டேன்.

"யக்கா, உள்ள நாலு த்ரெட் ஓடுது. நாலு ஆளுன்னு வச்சுக்கோங்க. ஆளுக்கு ஒரு ஃபைலை எடுத்துத் தேடுதான். எவன் முதல்ல முடிக்கானோ அவன் முதல்ல சொல்லுவான். காலை, மாலை எல்லாம் அவனுக்குத் தெரியாது."

"நீ தந்த அன்னைக்கு நான் சோதிச்சேனே. வரிசையாத்தான வந்துச்சு?"

"எத்தனை ஃபைல் வச்சுச் சோதிச்சீங்க?"

"ஒண்ணு."

சிரித்தான். "ஒரு ஃபைல்னா ஒரு ஆளுதான் வேலை பார்ப்பான் யக்கா. மேல இருந்து கீழ வாசிப்பான். வரிசை எப்படி மாறும்?"

"இப்ப என்ன செய்ய?"

"ஃபைல் பேர் வாரியா சார்ட் பண்ண, அதான் வரிசைப்படுத்தச் சொல்லுங்க. மூணு பேரை உட்கார வச்சிட்டு ஒருத்தனை மட்டும் ஓட விடும். கொஞ்சம் மெதுவா வரும், வரட்டும். ஃபைல் பேரை ஏன் மறைச்சீங்க? அதைத் திரும்ப வரவைங்க."

அப்படியே அடித்தேன். முதலில் காலை ஃபைல்: 8,960. அடுத்தது மாலை ஃபைல்: 9,240. அதோடு விடவில்லை. ரெண்டு ஃபைலையும் திறந்து நேரத்தையும் அண்ணாச்சிக்குக் காட்டினேன்.

3. இருநூற்றெண்பது கிலோ

"குறையலயே" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கூடியிருக்கு. வைக்கோல் எப்படிலே கூடும்?"

இசக்கி தரையைப் பார்த்தான்.

"எங்கலே போன?"

"குத்தாலத்துக்கு அண்ணாச்சி. வண்டி சும்மாத்தான நிக்குன்னு. அருவியில நல்லாத் தண்ணி. தார்ப்பாய் கட்டல. சாரல் அடிச்சிட்டு. நனைஞ்ச கட்டு சரிஞ்சுபோச்சு."

"சீட்டு?"

"சட்டையோட குளிச்சேன்."

"நீ குளிச்சது பத்தாதுன்னு வைக்கோலையும் குளிப்பாட்டியிருக்க!" அண்ணாச்சி சாவியைத் தூக்கி அவன் மேல் எறிந்தார். "அடுத்த லோடுக்காவது தார்ப்பாயைக் கட்டுலே. இனி குத்தாலம் பக்கம் வண்டி திரும்புச்சுன்னு தெரிஞ்சுது…"

இசக்கி சாவியைப் பிடித்துக்கொண்டான். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் சொன்னேன்: "தப்பு என்னுதுதாம்லே."

இப்போதும் ஒரு வண்டி வந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டால் நாலு ஆளையும் ஓடவிடுகிறேன். சட்டென்று வந்துவிடும். முதலில் எது, பிறகு எது என்று கேட்டால் சார்ட்தான். ஃபைல் பேர் எடையை மறைத்தால் மறைக்கட்டும், திரையை நகர்த்திப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஃபைலில் சோதித்துவிட்டு ரெண்டு ஃபைலுக்கு நம்பினேன். அன்று மிஷின் கொடுத்தது ரெண்டு நம்பர்தான். காலை என்றும் சாயங்காலம் என்றும் சொன்னது என் வாய்.