பி.பி. நம்பருக்குப் போன செய்தி

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின வாரம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் இது ஆரம்பித்தது. நான் அப்போது எம்.இ. கடைசி வருடம். பக்கத்துக் கிராமத்தில் இருந்த எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. சென்டரை நடத்திய அக்கா எனக்கென்று மூலையில் ஒரு கம்ப்யூட்டரை விட்டுக் கொடுத்திருந்தார். சீக்கிரமே புராஜெக்ட் வைவா வரப்போகிறது என்ற பயத்தில் நான் அங்கேயே பழியாய்க் கிடந்தேன்.

என் புராஜெக்ட் என்னவென்று சொல்லிவிடுகிறேன், சுருக்கமாகத்தான். இணையத்தில் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு வேலையைச் செய்து தரும் சேவைகள் இருக்கும். ஒன்று ரத்த தானம் செய்பவர்களின் விவரம் தரும். இன்னொன்று வேன் ஏற்பாடு செய்யும். மற்றொன்று எஸ்.எம்.எஸ். அனுப்பும். இதில் எதை எதோடு சேர்ப்பது என்று மனிதர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். என் புரோகிராம் அதைத் தானே செய்துகொள்ளும். இந்த ஆஸ்பத்திரிக்கு இந்த ரத்தம் வேண்டும் என்று சொன்னால் போதும். சரியான சேவைகளைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றும் தருவதற்கு என்ன அர்த்தம் என்று படித்து, கோர்த்து, நடத்தியும் முடித்துவிடும்.

அர்த்தம் புரிய வேண்டுமே, அதற்காக நான் அதற்குப் பாடம் எழுதி வைத்திருந்தேன். ரத்தம் கொடுப்பவர் ஒரு மனிதர். மனிதருக்குப் போன் நம்பர் உண்டு. அந்த நம்பருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால் அந்த மனிதருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதில் என்ன தப்பு இருக்க முடியும்? என் கைடுகூட தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆட்களின் விவரமும் கற்பனை இல்லை. கோடை விடுமுறையில் நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் சுற்று வட்டாரக் கிராமங்களில் ரத்த வகை பார்க்கும் முகாம் போட்டு, சம்மதித்தவர்களின் பெயர், விலாசம், நம்பர் எல்லாம் வாங்கிவந்து ஏற்றியிருந்தோம். வேன் ஸ்டாண்டு டிரைவர்களும் சேர்ந்திருந்தார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்ப ஒரு பழைய செல்போனை கேபிளில் கம்ப்யூட்டரோடு மாட்டி வைத்திருந்தேன். அது ஓயாமல் கத்தித் தொலைக்கிறது என்று சத்தத்தையும் நிறுத்தியிருந்தேன்.

மதியம் சாப்பிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அண்ணன். அண்ணியைக் காலையில்தான் காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது என்று சொல்லப் போகிறான் என்று ஆசையாக எடுத்தேன். குழந்தை பிறந்துதான் இருந்தது. ஆனால் அண்ணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். அண்ணிக்கு ஓ நெகடிவ். அங்கே கைவசம் இருந்ததை ஏற்றிவிட்டார்கள், இன்னும் வேண்டும். அவன் நண்பன் ஒருவன் ரத்தம் வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறான், மழையில் எப்போது திரும்புவானோ தெரியாது. இதையெல்லாம் சொல்லும்போது அண்ணனின் குரல் குரலாகவே இல்லை. கடைசியில், "உன் கம்ப்யூட்டர்ல எதுனா கீதா, பாரு," என்றான்.

 வைவாவுக்காக நூறு தடவை ஓட்டிப் பார்த்த அதே புரோகிராம்தான், ஆனால் இந்த முறை ரத்த வகையை அடிக்கவே விரல் வரவில்லை. ஒருவழியாக அடித்து என்டரைத் தட்டினேன். அது தேடியது, சேர்த்தது, ஒவ்வொரு வரியாகப் பச்சை நிறம் விழுந்தது. திருப்புலிவனத்தில் ஓ நெகடிவ் உள்ள ஓர் இளைஞர் கிடைத்துவிட்டார். அவருக்குச் செய்தி சேர்ந்துவிட்டது. வேன் கிளம்பிவிட்டது. கடைசி வரியும் பச்சை. பின்னால் நின்று பார்த்த அக்கா என் தலையில் கைவைத்து நீ நல்லா இருப்பே என்றார். நான் அண்ணனைக் கூப்பிட்டு ரத்தம் வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவன் போனைக் கையால் மூடாமலே அம்மாவிடம் அதைச் சொல்வதும், அம்மா சாமி பெயரைச் சொல்லி அழுவதும் எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வேன் டிரைவர் பேசினார்.

"இன்னாம்மா, வூட்டு அட்ரஸ்னு பார்த்தா மைக் செட்டு கடை கீது. அதுவும் பூட்டிக்கினு கீது. இங்க அந்தப் பேர்ல யாரும் இல்லன்றாங்க."

பயம் வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும் ஜாதி நான். சரியாக விசாரித்தீர்களா, கண்ணைத் திறந்து பார்த்தீர்களா என்று அந்த மனிதரிடம் கத்தினேன். பாவம், அவர் அங்கேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் அந்த இளைஞரின் நம்பருக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரையில் மட்டும் எல்லாம் பச்சையாக இருந்தது. அடுத்த ஆளைப் பார் என்று புரோகிராமுக்குச் சொன்னேன். பக்கத்து ஊரில் ஓ நெகடிவ் உள்ள இன்னொருவரைக் கொடுத்தது. அவர் நம்பரை என் போனில் அடித்தபோது அது ஏற்கெனவே அடித்த அதே நம்பர் என்று போன் காட்டியது. விவரங்களைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்து ஆட்களில் ஒரு கொத்துப் பேருக்கு அதே நம்பர்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது பி.பி. நம்பர்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு இது தெரியாது. அந்த நாளில் எல்லார் கையிலும் போன் கிடையாது. போன் வைத்திருக்கும் கடைக்காரர் நம்பரையோ பக்கத்து வீட்டு நம்பரையோ கொடுத்து, ஓரத்தில் பி.பி. என்று எழுதிவிடுவோம். கூப்பிட்டால் அவர்கள் போய்ச் சொல்வார்கள். நான் பள்ளிக்கூடம் படித்தபோது எங்கள் வீட்டுக்கே அப்படித்தான். முகாமில் வாங்கிய தாளிலும் கடை விலாசத்தோடு பி.பி. என்று இருந்திருக்கும். ஆனால் நாங்கள் கம்ப்யூட்டரில் செய்த கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். எழுத்து உதிர்ந்து போனது. மனிதருக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு மனிதர் என்று நான் எழுதிய பாடத்தை அந்தப் புரோகிராம் அப்படியே நம்பி, யாருக்கோ செய்தியைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தது.

அண்ணன் மறுபடி கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? வந்துகொண்டிருக்கிறது என்று சொன்ன ரத்தம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தலை பின்னிவிட்டதெல்லாம் சம்பந்தமில்லாமல் ஞாபகம் வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். 

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்தது. தீபாவளி சமயம், துணிக்கடை விளம்பர ஆட்டோக்கள் நாள் முழுக்கச் சுற்றும். சேலைக்குத் தள்ளுபடி என்று பாட்டுப் பாடிக்கொண்டு வரும். அது என்றுதான் நினைத்தேன். ஆனால் பாட்டு நின்று, ஒரு கரகரத்த குரல் அந்த இளைஞரின் பெயரைச் சொன்னது. திருப்புலிவனம் இன்னார், எங்க வேலை செஞ்சிக்கினு இருந்தாலும் உடனே ரோட்டுக்கு வரவும், ஒரு பொம்பளப் புள்ள உசுருக்கு ரத்தம் வேணும் என்றது.

படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு மாடியிலேயே நின்றுவிட்டது. ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றேன். கூரையில் கூம்பு ஸ்பீக்கர், பக்கவாட்டில் துணிக்கடைப் பேனர், உள்ளே மைக்கோடு ஓட்டிக்கொண்டு வந்த, ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர். நான்தான் செய்தி அனுப்பினேன் என்று சொல்லத் தொடங்கியதும் அவர் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏறும்மா, அவன் சாலவாக்கம் பக்கம் கீறானாம். சேதி வந்த நம்பருக்கு எத்தினி வாட்டி போன் அடிக்கறது, யாரும் எடுக்கல."

அவர் அடித்தது கேபிளில் மாட்டிக் கிடந்த, சத்தம் நிறுத்திய என் செல்போனுக்கு. நான் அவருக்கு அடித்தது, தலைக்கு மேல் ஸ்பீக்கர் அலறும்போது சட்டைப் பையில் கிடந்த போனுக்கு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

வேன் டிரைவரை எங்கள் பின்னால் சாலவாக்கம் ரோட்டுக்கு வரச் சொல்லிவிட்டு ஏறினேன். வழியில் மைக் செட்காரர் சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது. பெயரோடு, பிரசவத்துக்கு ரத்தம் வேண்டும் என்று செய்தி இங்கிலீஷில் வந்திருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஏதோ அவசரம் போல என்று மெடிக்கல் கடையில் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். உடனே தன் மைக் செட் கடையைப் பூட்டிக்கொண்டு, ஊர் எல்லையில் இருக்கும் இருளர் குடியிருப்புக்கு அந்த இளைஞரைத் தேடிப் போயிருக்கிறார். இளைஞரோ சாலவாக்கம் பக்கம் நாற்றுப் பறிக்கப் போயிருந்தார். யார் நிலம் என்று வீட்டில் தெரியவில்லை. துணிக்கடைக்காக ஸ்பீக்கர் கட்டி ஆட்டோ தயாராக நின்றது, அதிலேயே கிளம்பிவிட்டார்.

தூறல் வலுத்தது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் நிறுத்திய வயல்கள், அங்கங்கே ஆட்கள் குனிந்திருந்தார்கள். இளைஞரின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிக்கொண்டதும் மைக் செட்காரர் மைக்கை என்னிடம் நீட்டினார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் கோர்வையாக நினைவில்லை. என் அண்ணி என்றும், குழந்தை இப்பத்தான் பிறந்தது என்றும், தயவு பண்ணி வாங்க என்றும் அழுதுகொண்டே திரும்பத் திரும்பச் சொன்னேன். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் தாண்டிப் போனோம். ஒரு வயலில் யாரும் அசையவில்லை என்றால் இன்னொரு தரம் அந்தப் பெயரைச் சொன்னேன். அண்ணன் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

சாலவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், உள்ளடங்கிய ஒரு கழனியிலிருந்து ஒருவர் வரப்பில் ஓடி வந்தார். முழங்கால்வரை சேறு. ஒல்லியாக, என்னைவிடச் சின்னவராக இருந்தார். மைக் செட்காரர் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். ஓடி வந்தவர் வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டே சாப்பிட்டுட்டேன், கொடுக்கலாம் என்றார். முகாமில் வெறும் வயிற்றோடு கொடுக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லி அனுப்பியதை மறக்காமல் வைத்திருந்தார். பின்னால் வந்த வேன் நின்றது.

வேனில் ஏறும்முன் நான் மைக் செட்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் உங்கள் நம்பரை அவருடையது என்று நினைத்துவிட்டது, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயத்தில் இழுத்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். அவருக்கு நான் சொன்னது வினோதமாக இருந்திருக்க வேண்டும்.

"சம்பந்தம் இல்லாம இன்னாம்மா? என் நம்பரத்தான குடுத்து கீறான். வர்ற சேதிய அவன்கிட்ட சேக்காம நான் எப்படி சோறு துன்றது?"

அவ்வளவுதான். துணிக்கடைப் பாட்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவைத் திருப்பிக் கிளம்பிவிட்டார்.

காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஓரிக்கை தாண்டி ஒரு லாரி குறுக்கே நின்று வழி மறித்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. வேனிலிருந்துதான் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் திட்டவில்லை, சீக்கிரம் வா என்றான். ஆஸ்பத்திரியில் அந்த இளைஞரின் எடையைப் பார்த்தார்கள், விரலில் குத்திப் பார்த்தார்கள். இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாரே, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கதவோரம் நின்று நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அவர் கொடுத்த ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் செங்கல்பட்டுப் போன நண்பன் ரத்தப் பையோடு நனைந்துகொண்டு வந்தான். அந்த இடைவெளியை இவர் ரத்தம் நிரப்பியதுதான் அண்ணியைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார். அண்ணி கண் திறந்து குழந்தையைக் கேட்டபோது அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வைவாவில் தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஓரளவு பதில் சொல்லிவிட்டேன். ஒரு நம்பர் வேறொருவருடையதாகவும் இருக்கலாம் என்று புரோகிராமுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்ததையும் காட்டினேன். நடுவில் இருக்கும் அந்த ஆள் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர் கேட்டார்.  மைக் செட்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அதற்கப்புறம் பல வருடமாக இதே மாதிரி வேலைதான் பார்க்கிறேன். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பி.பி. என்றால் என்னவென்று அண்ணன் மகளுக்கே தெரியாது. ஆனாலும் என் போனில் யாராவது வேறு யாரையோ கேட்டுப் பேசினால், ராங் நம்பர் என்று சட்டென்று வைக்க எனக்குக் கை வருவதில்லை. யாரைத் தேடுகிறீர்கள், என்ன அவசரம் என்று கேட்டுவிடுகிறேன். வீட்டில் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். யாருக்கோ போய்ச் சேர வேண்டிய ஒரு செய்தி என்னிடம் வந்து அப்படியே நின்றுவிடக் கூடாது என்ற பயம், அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, இன்னும் என்னை விடவில்லை.