கவாத்து வெட்டிய மலை

அக்கா வரைந்த படத்தில் மலை மொட்டையாக இருந்தது. எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் தெரிந்த அதே தேயிலைச் சரிவுதான், ஆனால் பச்சை இல்லை. கிளை கழித்து முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டிய செடிகள், சாம்பலும் பழுப்புமாக மேகம் வரைக்கும் ஏறிப் போயின. ஆள் நடமாட்டமே கிடையாது.

எழுபதுகளில், பள்ளிக்கூடத்தில் அவள் கடைசியாக வரைந்த படம் அது. அம்மாவுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. அம்மாவுக்குப் பதிலாக இன்னொரு ஆள் கொழுந்து பறிக்க வந்தால்தான் தோட்டம் கொடுத்த வீடு நிலைக்கும் என்று கணக்குப் பார்க்கும் கிராணி சொல்லிவிட்டார். நான் சின்னவள். ஈப்போ பட்டணத்துக்குப் போய் மேலே படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த அக்காதான் கூடையை மாட்ட வேண்டியிருந்தது.

"ரெண்டு வருஷம்தான்மா. அப்புறம் படிக்கப் போலாம் லா" என்றார் அப்பா.

அந்த வாரம்தான் அக்கா அந்தப் படத்தை வரைந்தாள்.

படத்தை அப்பாவிடம் கொடுத்த ஓவிய டீச்சர் கடலோர ஊர்க்காரர். "இந்தப் பிள்ளை ரொம்பத் துக்கத்தில் இருக்கிறாள், வீட்டில் கொஞ்சம் பேசுங்கள்" என்று மலாய் மொழியில் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"டீச்சருக்கு டீ குடிக்கத்தான் தெரியும். கவாத்து வெட்டுனா செடி செத்தா போச்சு? மூணே மாசத்துல துளுத்துராது? நம்ம புள்ள நல்ல காலம் வரும்னு வரைஞ்சிருக்கு."

நாங்களும் சிரித்தோம். தேயிலைக்காரர்களுக்கு மொட்டை மலை என்றால் வரப்போகும் கொழுந்துதான். அப்பாவே ஆணி அடித்துப் படத்தைக் கூடத்தில் மாட்டினார். பிறகு பக்கத்து ஊரான கம்போங் ராஜாவிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் "துளுக்கப் போற மலை, நல்ல சகுனம்" என்றார்கள். அக்கா அங்கே ஒரு காய்கறித் தோட்டக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். படமும் அவளோடு போனது. ஈப்போ பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. ஊர் தெரியாத டீச்சருக்குப் புரிந்தது எங்களுக்குப் புரியவில்லையே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

எண்பதுகளில் அப்பா வேலையிலிருந்து நின்று, கண்ணில் புரை எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டில் சில நாள் தங்கினார். நானும் போயிருந்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றவர் வெகுநேரம் நகரவில்லை. காலமெல்லாம் கவாத்துக் கத்தி பிடித்த மனிதர். எந்தச் செடியை வெட்டினாலும் இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்பார். செடி மூச்சு விட அந்த ஒரு கிளை வேண்டும், அதையும் வெட்டினால் பட்டுப்போகும் என்பார்.

"ஏம்மா, ஒரு செடியிலகூட மூச்சுக் கிளை இல்லியே" என்றார்.

அக்கா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாப்பா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்பா" என்றாள் அவள், தலை நிமிராமல். "நீங்கதான் ஆணி அடிச்சு மாட்டுனீங்க."