கங்கா அக்காவும் வங்காளத்துப் போரும்

தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு முழ நீளம் இழுத்து ஆற்றிக்கொண்டே கங்கா தொலைக்காட்சியை எட்டிப் பார்ப்பார். நாடகம் பாதி ஓடியிருக்கும். "இதுல யாரு நல்லவ லா?" என்று கடையில் இருப்பவர்களைப் பொதுவாகக் கேட்பார். அது தெரியாமல் அவரால் எதையும் பார்க்க முடியாது. தெரிந்துவிட்டால் நல்லவளுக்காக அழுவார். கெட்டவளைத் தோட்டத்து வசவில் ஒரு பிடி பிடிப்பார்.

மலேசியாவில், கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில், ஒரு செம்பனைத் தோட்டத்தின் வாசலில் இருக்கிறது அவருடைய சாப்பாட்டுக் கடை. பிறந்தது அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில்தான். இப்போது அந்த வீடுகளில் குலை வெட்டும் வங்காளதேசத்து ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே கோழியை ஹலாலாக மலாய்க்காரர் கடையில் வாங்குகிறார். பருப்பில் மிளகாயைக் கூட்டியிருக்கிறார். அவர்களும் அவரிடம் அரைகுறைத் தமிழ் கற்று, "அக்கா" என்கிறார்கள்.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம் ரபிக்குல் ஒரு பெட்டி ரசகுல்லாவோடு வந்தார். வருஷக்கணக்காக அங்கே சாப்பிடுகிறவர்.

"அக்கா, இன்னிக்கி எங்க நாடு ஜெயிச்ச நாள். எழுபத்தொண்ணுல உங்க ஆர்மி வந்துச்சு, எங்கப்பா பொழச்சாரு."

கங்காவுக்கு விளங்கவில்லை. "நம்ம மலேசியா ஆர்மியா? அங்க எதுக்குப் போச்சு?"

"மலேசியா இல்ல அக்கா. உங்க இந்தியா."

கங்கா இந்தியாவைப் படத்தில் பார்த்ததோடு சரி. பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நீட்டிய இனிப்பை எப்படி மறுப்பது? வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ரபிக்குல் மேசையின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தட்டை வைத்தார். நடுவில் குழம்புச் சட்டி. இந்தத் தட்டும் பாகிஸ்தான், அந்தத் தட்டும் பாகிஸ்தான், சட்டி இந்தியா.

"ஒரே வீட்டுக்கு ரெண்டு ரூம்பு, நடுவுல பக்கத்து வீடா? யாருப்பா கட்டுனா இத?"

"வெள்ளைக்காரன் பிரிச்சிட்டுப் போனான் அக்கா."

பேருக்குத்தான் ஒரே நாடாம்; கிழக்குத் தட்டுதான் இப்போது வங்காளதேசம். சணல் விளைந்தது கிழக்கே, பணம் சேர்ந்தது மேற்கே. அது மட்டும் கங்காவுக்குச் சட்டென்று புரிந்தது. "நம்ம தோட்டம் மாதிரின்னு சொல்லு." தேர்தலில் கிழக்கு ஜெயித்தும் ஆட்சியைக் கொடுக்கவில்லை. தனி நாடு கேட்டவர்களைப் பட்டாளம் சுட்டது. கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் ஓடினார்கள். இந்தியா போராளிகளுக்குத் துப்பாக்கி கொடுத்தது. பாகிஸ்தான் விமானங்கள் இந்தியாவில் குண்டு போட்டதும், இந்தியா நேராகவே போரில் இறங்கிவிட்டது.

"அப்ப இந்தியாதான் நல்லவன்" என்று கங்கா நிம்மதியாக முடித்தார்.

அடுத்த மேசையில் சொஹாக் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ரபிக்குல் வெட்டித் தள்ளும் குலைகளை வண்டியில் ஏற்றுகிற இளைஞன் அவன். "சண்டை போட்டது நாங்க. செத்தது நாங்க. இந்தியா இந்தியாவுக்காக வந்துச்சு, பாகிஸ்தான ஒடைக்க. இப்ப பாருங்க, எங்க கங்காவ அணை கட்டி அடைச்சிருச்சு!"

"ஐயோ, நான் என்னத்த அடைச்சேன்?" என்று பதறினார் கங்கா.

யாரும் சிரிக்கவில்லை. ரபிக்குல் வங்காளத்தில் கத்தினார். அவன் திருப்பிக் கத்தினான். கடைசியில் இருவருமே கங்கா பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க அக்கா, உங்க இந்தியா எதுக்கு வந்துச்சு?" பூகோளத்தில் எங்கே நடந்தது என்று தெரியாத ஒரு போருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து சொஹாக் கடைக்கு வரவில்லை. அவன் கூட்டாளிகளும் வரவில்லை. ரபிக்குலோடு வேலைக்குப் போகமாட்டேன் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடமும் சொல்லிவிட்டான். இந்தியா எதற்குப் போனது என்று கங்கா தன் மகன் ஷர்வினைக் கேட்டார். அவன் கைப்பேசியைத் தடவிப் பார்த்தான்.

"அகதிங்க பாரம் தாங்கலன்னும் போட்டிருக்கு, பாகிஸ்தான வீக் பண்ண நல்ல சான்ஸுன்னும் போட்டிருக்குமா."

"ஏதாச்சும் ஒன்ன சொல்லு லா."

"ரெண்டும் உண்மைன்னா நான் என்னம்மா செய்றது?"

அன்று அவர் நாடகம்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ரபிக்குல் ஓடிவந்தார். சொஹாக்கின் காலில் செம்பனை முள் ஏறி வீங்கியிருக்கிறது. கிளினிக்குக்கும் வரமாட்டேன் என்கிறான், கிட்டே போனால் கத்துகிறான். கங்கா அடுப்பை அணைத்தார். கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு லயத்துக்கு நடந்தார்.

பாயில் கிடந்த சொஹாக், அவரைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "எதுக்கு வந்தீங்க?"

கங்கா வாயைத் திறந்தார். பாவமாக இருந்ததாலா? ரபிக்குல் கெஞ்சியதாலா? நாலைந்து பேர் வராமல் தினமும் சோறு மீந்துபோவதாலா? எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை மாதிரி இருந்தது. எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும் போலவும் இருந்தது.

பாயோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, சன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, குனிந்து முள்ளைத் தேடத் தொடங்கினார்.