சிக்கெடுக்கும் கை

என் அண்ணிக்கு எங்கள் வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு, மயக்கராணி. வைத்தது அவரைக் கட்டிக்கொண்ட என் அண்ணன்தான். கல்யாணமான புதிதில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். துணைக்குப் போன அண்ணி, மருந்து நெடி மூக்கில் ஏறியதும் ஆஸ்பத்திரி வாசலிலேயே சரிந்துவிட்டார். ஒற்றைக் கண்ணில் கட்டோடு அம்மா ஜம்மென்று நடந்து வந்தாள். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரப்பட்டவர் அண்ணி.

அதிலிருந்து யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும், "நீ வீட்டைப் பாத்துக்கோ, உன்னையும் சேர்த்துத் தூக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். ஒரே ஒருமுறை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். அவருக்குப் பதினாறு வயதில் அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். பக்கத்தில் நின்ற மகள் மயங்கி விழ, வெளியே தூக்கிப் போயிருக்கிறார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா கையைப் பிடிச்சிட்டு நான் நின்னிருக்கணும். நான் வராந்தாவுல கெடந்தேன்" என்றார். அடுத்த துணியை எடுத்து மடித்தார்.

அண்ணிக்கு வேலை ஒரு பார்லரில். செருப்புக்கடைக்கு மேல் மாடி, குறுகலான படி, இரண்டு நாற்காலி, ஓரம் உரிந்த கண்ணாடி. முதலாளியம்மா கல்லாவோடு சரி. முடி முழுக்க அண்ணி பொறுப்பு. அவர் சீப்பைப் பிடித்தால் அடங்காத குழந்தைகூட உட்கார்ந்தபடியே தூங்கிப்போகும். ஆனால் யாராவது பாராட்டினால், "என்ன பெரிய வேலை, மயிரு வெட்டுற வேலை" என்று தட்டிவிடுவார். நாலு பேருக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வேண்டும், தனக்கு அதற்கெல்லாம் கொடுப்பினை இல்லை என்பது அவர் எண்ணம்.

மாதம் தவறாமல் அங்கே வருபவர் ஒரு கணக்கு டீச்சர். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அண்ணியைத் தவிர வேறு யாரையும் தொடவிட மாட்டார். அவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவருடைய மகள் படியேறி வந்தாள். நான் அப்போது தலையில் சாயம் பூசிக்கொண்டு, காது வரை கறுப்பாக உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, படுத்தே கெடந்து அம்மா முடி மொத்தமா சடை பிடிச்சுப் போச்சு. நாளைக்கு மழிச்சிடணும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. அம்மாவுக்குப் பேச்சு வரல. ஆனா அது காதுல விழுந்ததும் தலையைக் கையால பொத்திக்கிட்டாங்க. கையை எடுக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க வந்து பாக்கறீங்களா?"

அண்ணி ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்பைத் துடைத்தார்.

"என்னால அங்க வர முடியாதும்மா. வந்தா எனக்கே ஒரு கட்டில் போடணும்."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். அண்ணி என் தலையைக் கழுவ ஆரம்பித்தார். தண்ணீர் பாதி என் காதுக்குள் போனது.

"ஒரு கையாலயா பொத்திக்கிட்டாங்க, ரெண்டு கையாலயா?" என்று திடீரென்று கேட்டார்.

"ஒரு கைதான் வேலை செய்யுதாம் அண்ணி."

குழாயை மூடினார். "ஈரத்தலையோட வந்தா உனக்குச் சளி புடிக்குமா?"

சளி பிடித்தது. அது வேறு கதை.

வார்டு இரண்டாவது மாடியில். முதல் மாடித் திருப்பத்திலேயே அண்ணி படியில் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. "போயிடலாம் அண்ணி" என்றேன். "போறதுன்னா நீ போ" என்று கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். வார்டு வாசலில் கனத்த உடம்போடு நின்ற தலைமை நர்ஸிடம் நேரே போனார்.

"சிஸ்டர், முன்னாடியே சொல்லிடறேன். நான் மயங்கி விழுவேன்."

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "விழுங்க. அதுக்கு இதைவிட வசதியான இடம் எங்க இருக்கு?"

டீச்சரின் பின்னந்தலை முடி, தலையணையில் அழுந்தி அழுந்தி, கால்மிதி போல ஒரே கட்டியாக இறுகியிருந்தது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்தார். விரலால் எண்ணெய் வைத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். வேர் இழுபடாமல் இருக்க இடது கை ஒவ்வொரு கற்றையையும் இறுக்கிப் பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஊசி மாற்றும்போது குழாயில் ரத்தம் ஏறியது. நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்து சீப்பு நழுவியது. பின்னாலேயே அவரும்.

நான் அலறினேன். சிஸ்டர் அவசரப்படாமல் வந்து, அண்ணியின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். அண்ணி கண் திறந்தார். அப்போதுதான் கட்டிலிலிருந்து ஒரு சத்தம். டீச்சரின் வாய் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டிருக்க, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அம்மா சிரிக்கிறாங்க. படுத்ததிலேர்ந்து இன்னைக்குத்தான் சிரிக்கிறாங்க அக்கா" என்றாள் மகள்.

அண்ணி தரையில் கிடந்தபடியே, "கணக்குல முட்டை வாங்கினவளப் பாத்து சிரிக்கிற மாதிரி சிரிக்காதீங்க டீச்சர்" என்றார். மெல்ல எழுந்தார். சீப்பைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். சிஸ்டர் கட்டிலுக்கு நடுவே திரையை இழுத்துவிட்டார்.

"இத்தனை வருஷம், விழுந்தா அதோட எல்லாம் போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார். "இன்னைக்கு விழுந்து எந்திரிச்சுப் பாத்தா, சிக்கு விட்ட எடத்துலயே அப்படியே இருக்கு."

மூன்று மத்தியானம் ஆயிற்று. காதுக்குப் பின்னால் ஒரு பிடி முடி தேறவில்லை. அதை மறைக்காமல் டீச்சரிடமே சொல்லி, அவர் தலையசைத்த பிறகு வெட்டினார். மிச்சத்தைத் தளர்வாகப் பின்னித் தோள்வழியாக முன்னால் போட்டு, அசையும் கையில் எடுத்து வைத்தார். டீச்சர் பின்னலை மேலிருந்து கீழே வரை தடவிப் பார்த்தார். பிறகு அண்ணியின் உள்ளங்கையை இழுத்து, ஆள்காட்டி விரலால் பெரிதாக ஒரு 'சரி' குறி போட்டார். அதுவரை கண் கலங்காமல் இருந்த அண்ணி அப்போதுதான் உடைந்தார்.

நாங்கள் கிளம்பும்போது எதிர்க்கட்டில் அம்மாள் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். அண்ணி பையை மறுபடி திறந்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலையில் அவரை வார்டுகளில்தான் பார்க்கலாம். முறையாக அனுமதி வாங்கிக் கொடுத்தது சிஸ்டர். சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றும் எங்கிருந்தோ கொண்டுவந்து தந்தார். படுத்தவருக்கு இரட்டைப் பின்னல் போட்டால் சடை பிடிக்காது என்று அண்ணி ஆயாக்களுக்குச் செய்து காட்டியிருக்கிறார். மழிக்கத்தான் வேண்டும் என்றால் அதையும் அவரே, வலிக்காமல், பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்க போகும்? வாசல்ல இன்னும் திரும்பிடலாமான்னு தோணுது. சாப்பிட்டுட்டுப் போறேன், ஜன்னல் பக்கமா உக்காந்துக்கறேன். அது பாட்டுக்கு அது, என் பாட்டுக்கு நான்."

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் அண்ணனிடம், எங்கே வீட்டில் ஆளைக் காணோம் என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா."

"ஐயையோ, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சார்" என்றான் அண்ணன், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. "என் பொண்டாட்டிக்கு அங்க வேலை. அவ வந்தாத்தான் அந்த வார்டே களை கட்டும்."